ஐம்பதை விட்டு நகராதவர்

என் வீட்டுக்காரரைத் தொழிலில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ஐம்பது’ என்பார்கள். புதிதாக வருகிறவர்கள் அது அவருடைய வயது என்று நினைத்துக்கொள்வார்கள். வயது அந்த வாசலைத் தாண்டி வெகு தூரம் போய்விட்டது. பட்டப்பெயர் மட்டும் அங்கேயே நிற்கிறது.

அவர் வீடியோ எடுப்பவர். கல்யாணம், பள்ளி ஆண்டு விழா, கம்பெனித் திறப்பு விழா, பணி ஓய்வு விருந்து, எதுவென்றாலும் கேமராப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கள் கேமரா வினாடிக்கு இருபத்தைந்து படம் பிடிக்கும். ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை நாம்தான் சக்கரத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதை வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்தால், நடக்கிறவர் நடக்கிற மாதிரியே தெரிவார். வீசுகிற கை லேசாகக் கலங்கி, கண்ணால் பார்ப்பது போலவே இருக்கும். அதைவிட அதிக நேரம் திறந்திருந்தால் ஆள் இழுபடுவார். குறைந்தால் சாவி கொடுத்த பொம்மை மாதிரி வெட்டி வெட்டி நடப்பார். சக்கரத்தில் எண் ஏற ஏற நேரம் குறையும். நூறு, இருநூறு, ஐந்நூறு என்று போகும். இதைத் தெரிந்துகொண்டால் என் வீட்டுக்காரரின் பாதி வாழ்க்கை உங்களுக்குத் தெரிந்த மாதிரிதான்.

“ஐம்பதுல வை. மத்ததை அப்புறம் பேசலாம்.” யார் எந்தச் சந்தேகம் கேட்டு வந்தாலும் இதுதான் பதில். டிவியில் செய்தி பார்க்கும்போதுகூட, எங்கே என்ன நடந்தது என்று காதில் வாங்க மாட்டார். “இவன் இருநூறுல எடுத்திருக்கான் பாரு, கூட்டமே கொசு மாதிரி துடிக்குது” என்பார். நாட்டில் ஆட்சியே மாறினாலும் அவருக்கு ஷட்டர்தான் கண்ணில் படும்.

எடுப்பது அவர், வெட்டி ஒட்டுவது நான். வீட்டின் பின்னறையில் இரண்டு திரைகள், முதுகு தேய்ந்த ஒரு நாற்காலி, வெளிச்சம் வராமலிருக்க ஜன்னலில் ஒரு கருப்புத் துணி. அங்கே உட்கார்ந்தே என் காலம் போயிற்று. மேடைக்கு வந்து உண்மையாக அழுதவர்கள் யார், கேமரா திரும்பியதும் அழுதவர்கள் யார் என்று என்னைக் கேட்டால் சொல்வேன். யாருடைய மாமா விருந்தில் இரண்டாம் முறை உட்கார்ந்தார் என்பதும் எனக்குத் தெரியும். கல்யாணம் என்ற சொல்லைக் கேட்டாலே மற்றவர்களுக்கு மனம் குளிரும். எனக்குக் கழுத்து வலிக்கும்.

எங்களுடன் வேலைக்கு வருகிற இன்னொருவர் போட்டோக்காரர். அவரைப் பிளாஷ் என்று கூப்பிடுவோம். பளிச்சென்று சிரிப்பார், பளிச்சென்று கோபிப்பார், இரண்டும் அடுத்த நொடியே அணைந்துவிடும். அவர் தலையில் முடி இருந்த காலத்திலிருந்து என் வீட்டுக்காரரோடு சேர்ந்து வேலை பார்க்கிறார். கூடப் பிறக்காத தம்பி என்று சொல்லலாம். கூடப் பிறந்தவர்களைவிட இவர் அதிகமாக டீ குடிக்க வருவார்.

முதலில் மாறியது ஒரு சின்ன விஷயம். வெயிலில் ஐம்பதில் எடுத்தால் படம் வெளுத்துப் போகும். அதனால் லென்ஸுக்கு முன்னால் ஒரு கருப்புக் கண்ணாடியைத் திருகி மாட்ட வேண்டும். கேமராவுக்குக் கூலிங் கிளாஸ் போட்டுவிடுவது மாதிரிதான். அதன் மரை மயிரிழை போல இருக்கும். சற்றுக் கோணலாகப் பிடித்தால் ஏறாது. அவர் பேசிக்கொண்டே, பார்க்காமலே மாட்டுவார். ஒரு நாள் அது கீழே விழுந்து விரிசல் விட்டது. “வழுக்கிருச்சு” என்றார். புதிது வாங்கினோம். புதிது உறையை விட்டு வெளியே வரவே இல்லை. கண்ணாடி இல்லாவிட்டால் வெயிலில் ஷட்டரை ஏற்றித்தான் ஆக வேண்டும். வெளியில் எடுத்த காட்சிகளில் ஆட்கள் வெட்டி வெட்டி நடக்க ஆரம்பித்தார்கள்.

“என்னங்க, ஐம்பது எங்க போச்சு?” என்று கேட்டேன்.

“அவசரம்மா. மாட்ட நேரம் இல்ல.”

சரி, மனிதனுக்கும் அலுப்பு வரும் என்று விட்டுவிட்டேன். டீயைக் கையில் எடுக்காமல், மேஜையில் வைத்தபடியே குனிந்து முதல் வாய் உறிஞ்ச ஆரம்பித்திருந்தார். அதையும் பார்த்தேன். சோம்பேறித்தனத்துக்கு ஒரு அளவில்லையா என்று திட்டவும் செய்தேன். வலது கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நடக்கும் புதுப் பழக்கம் வேறு. சினிமாக் கதாநாயகன் என்று நினைப்பா என்று கேட்டேன். சிரித்தார். அவ்வளவுதான்.

அப்புறம்தான் அந்தத் தலைமையாசிரியை வீட்டுக் கல்யாணம் வந்தது. பெண்ணுடைய அம்மா ஒரு பெரிய பள்ளியில் தலைமையாசிரியை. மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தால் பெரியவர்கள்கூடக் கையைக் கட்டிக்கொள்வார்கள். கல்யாணம் முடிந்த மறுநாளே, “கொஞ்சம் போட்டுக் காட்டுங்க, மேடைல என் பொண்ணு எப்படி இருக்கான்னு பார்க்கணும்” என்று பின்னறைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். நானே இன்னும் பார்க்கவில்லை. ஒன்றும் யோசிக்காமல் போட்டேன்.

மணப்பெண் மேடையில் நிற்கிறாள். அவள் முகத்தின் மேல் கறுப்பாகப் பட்டை பட்டையாக ஏதோ ஏறிக்கொண்டே இருந்தது. அவள் சிரித்தாலும் ஏறியது, குனிந்தாலும் ஏறியது.

“இது என்ன, என் பொண்ணு முகத்துல ஜன்னல் கம்பி ஓடுது?” என்றார் அவர்.

எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. மண்டபத்து விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மினுக்கிக்கொண்டே இருக்கும். ஐம்பதில் வைத்தால் கேமராவுக்கும் அது தெரியாது. ஷட்டரை ஏற்றினால் தெரிந்துவிடும். அந்த மினுக்கல்தான் இப்படிப் பட்டையாக ஓடுகிறது. கேமரா வாங்கிய முதல் வாரத்தில் எல்லோரும் செய்யும் தவறு இது. ஐம்பது செய்யும் தவறு இல்லை.

“யானைக்கும் அடி சறுக்கும். ஒத்துக்கறேன். ஆனா என் பொண்ணு கல்யாணத்துலயா சறுக்கணும்?”

வாசலில் நின்றிருந்த என் வீட்டுக்காரர் பாக்கெட்டிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார். “நான் இல்லைங்க மேடம். நடுவுல போட்டோக்காரர் கேமராவுல சார்ஜ் தீர்ந்துபோச்சு. என் கேமராவை வாங்கிக் கொஞ்சம் போட்டோ எடுத்தாரு. ஷட்டரை ஏத்தி எடுத்துட்டு, இறக்காம குடுத்துட்டாரு போல.”

நம்பும்படியாகத்தான் இருந்தது. எங்கள் கேமராவில் போட்டோவுக்கும் வீடியோவுக்கும் ஒரே ஷட்டர் சக்கரம். போட்டோ எடுப்பவருக்கு எண் ஏறியிருக்க வேண்டும், வீடியோவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இரண்டு பேர் ஒரு கேமராவைக் கை மாற்றினால் இந்த வம்பு எப்போதும் உண்டு.

“அப்ப அந்தப் போட்டோக்காரரை எங்க ஸ்கூல் பக்கம் அனுப்பாதீங்க. ஆண்டு விழாவுக்கு அவரைத்தான் சொல்லியிருந்தேன். வேணாம்” என்று எழுந்தார் தலைமையாசிரியை. பட்டைகளை எடுத்துத் தருகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்த பிறகுதான் வாசலைத் தாண்டினார்.

நான் பிளாஷுக்குப் போன் போட்டேன். நான் கோபத்தில் பேசினால் நிறுத்தற்குறி இருக்காது. எல்லாவற்றையும் கொட்டி முடித்தேன்.

“அண்ணி, நான் திரும்ப இறக்கி வெச்சுத்தான் குடுத்தேன். நல்லா ஞாபகம் இருக்கு.”

“அப்ப அவர் பொய் சொல்றாரா?”

“அண்ணனா சொன்னாரு?”

“ஆமா.”

“அப்ப நான்தான் அண்ணி. மறந்திருப்பேன்.”

பளிச்சென்று கோபிக்கிறவர் அன்று கோபிக்கவே இல்லை. அது எனக்கு உறுத்தியது. ஆனாலும் வேலை இருந்தது. பட்டைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு கல்யாணத்துக்கு மூன்று கல்யாணத்து வேலை. கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மேடைக் காட்சிகளில் கண் எரிந்து போய், கொஞ்சம் ஆறுதலுக்காகக் காலையில் எடுத்ததைப் போட்டேன். மண்டபத்து வாசலில் ஒரு நீரூற்று. உறவுக்காரர்கள் அதன் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஐம்பதில் எடுத்தால் தண்ணீர் நூல் நூலாக விழும். இங்கே ஒவ்வொரு துளியும் கண்ணாடி மணியாக அந்தரத்தில் நின்றது. சரி, வெயில், கருப்புக் கண்ணாடி மாட்டியிருக்க மாட்டார். அடுத்ததைப் போட்டேன். மண்டபத்துக்குள்ளே, இருட்டான மூலையில், ஒரு குழந்தை பலூனைத் தட்டி விளையாடுகிறது. அங்கே வெயில் இல்லை. ஷட்டரை ஏற்ற எந்த அவசியமும் இல்லை. பலூனைத் தட்டும் கை கத்தியால் நறுக்கினாற்போலத் துல்லியமாக இருந்தது. இது காலையில் எடுத்தது, பிளாஷ் மண்டபத்துக்கு வருவதற்கு முன்பு. அவர் மணப்பெண்ணின் வீட்டில் போட்டோ எடுத்துவிட்டு மதியத்துக்கு மேல்தான் வந்தார்.

ஆக, சக்கரத்தைத் திருப்பியது பிளாஷ் இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஏன் என்றுதான் புரியவில்லை. ஐம்பதை விட்டு ஓர் இம்மி நகராத மனிதர் இருட்டு மூலையில் போய் எதற்கு இருநூறில் வைப்பார்? குழந்தையை விட்டுவிட்டு, அசையாத பொருளைப் பார்த்தேன். பின்னால் ஒரு தூண். தூண் நடுங்கிக்கொண்டிருந்தது.

கையில் கேமராவைப் பிடித்தால் படம் கொஞ்சம் ஆடும். மூச்சு விட்டாலும், எடையைக் கால் மாற்றினாலும் ஆடும். அந்த ஆட்டம் எனக்குத் தெரியும். அவருடைய மூச்சையே நான் தூணில் பார்த்திருக்கிறேன். இது அது இல்லை. இது பொடிப் பொடியாக, விடாமல், குளிரில் பல் அடித்துக்கொள்வது போன்ற நடுக்கம்.

அப்போதுதான் நினைவு வந்தது. வெளியிலிருந்து ஒருவர் தன் வீடியோவை வெட்டித் தரச் சொல்லிக் கொடுத்திருந்தார். ஒரே ஆட்டம். ஆட்டத்தை நிறுத்த கம்ப்யூட்டரில் வழி உண்டு. ஆனால் ஐம்பதில் எடுத்திருந்ததால் ஒவ்வொரு படமும் உள்ளுக்குள் கலங்கியிருந்தது. நிறுத்தினாலும் கலங்கல் போகவில்லை. “ஷட்டரை ஏத்தி எடுத்திருந்தா ஒவ்வொரு படமும் பளிச்சுன்னு இருந்திருக்கும். ஆடினதே தெரியாம நான் நிறுத்திக் குடுத்திருப்பேன்” என்று நான் அலுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் குனிந்து டீ உறிஞ்சிக்கொண்டிருந்தார். “அப்படியா?” என்று ஒரு வார்த்தை கேட்டார்.

நாற்காலியிலிருந்து எழுந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்கு எப்போதும் அதுதான் முதலில் வரும். மற்றதெல்லாம் அதன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கும்.

அவர் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். எதிரே போய் உட்கார்ந்தேன்.

“கையை வெளிய எடுங்க.”

“எந்தக் கை?”

“நீங்க என்ன பத்துக் கையோடயா இருக்கீங்க? பாக்கெட்டுல இருக்கற கை.”

எடுத்து மேஜை மேல் வைத்தார். கை சாதுவாகக் கிடந்தது. “பார்த்தியா, ஒண்ணும் இல்ல” என்றார். நான் டீ டம்ளரை அவர் பக்கம் தள்ளினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு எடுத்தார். டம்ளர் மேஜையை விட்டு எழுந்ததுமே டீ விளிம்புக்கு விளிம்பு மோதியது. வாய்க்குப் போவதற்குள் சட்டையில் பாதி.

“எப்பலேருந்து?”

“கண்ணாடி கீழ விழுந்ததே, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி.”

“எங்கிட்ட சொல்றதுக்கு என்னங்க?”

“சொன்னா நீ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவ. டாக்டர் கேமராவைத் தொடாதேன்னு சொல்லுவாரு.”

“மண்டபத்து லைட்டு கூடவா தெரியாமப் போச்சு உங்களுக்கு?”

“மதியம் சோதிச்சுப் பார்த்தேன்மா. கோடு வரல. சாயந்திரம் மேடைக்குன்னு வேற லைட்டு போட்டுட்டாங்க. அப்புறம் ஐம்பதுக்கு இறக்கினா படம் கலங்கும், நீ நிறுத்தினாலும் நடுக்கம் தெரியும். ஏத்தி வெச்சா கோடு ஓடும். எது பரவாயில்லைன்னு நின்னேன். கோட்டை நீ எடுத்துடுவேன்னு நினைச்சேன்.”

“பிளாஷ் என்ன பாவம் பண்ணினாரு?”

“வாயில வந்துருச்சு. அவன் தாங்கிக்குவான்னு தோணுச்சு.” சட்டையில் கொட்டிய டீயைத் தட்டிவிட்டபடி, “கை நடுங்குதுன்னு வெளிய தெரிஞ்சா, நாளைக்கு எவன் கூப்பிடுவான்? கேமராவைப் பிடிக்கலன்னா அப்புறம் நான் யாரு சொல்லு? என்னை என்னன்னு கூப்பிடுவாங்க?” என்றார்.

கோபத்தின் முதுகுக்குப் பின்னால் நின்றதெல்லாம் அப்போது முன்னால் வந்துவிட்டது. நான் துணியை எடுத்து மேஜையைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தேன்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போனோம். அங்கே போய் உட்கார்ந்ததும் அந்தக் கை, பரீட்சைக்குப் போன பிள்ளை மாதிரி அடக்கமாகிவிட்டது. நீட்டச் சொன்னார், நீட்டினார், லேசான அசைவுதான். பேனாவைக் கொடுத்தார், பிடித்தார். வீட்டில் டீயைச் சட்டைக்குக் கொடுக்கிற கை இதுதானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

“நடுக்கத்துல பல விதம் இருக்கு. எந்த விரல், எந்த வேகம், எதைப் பிடிக்கும்போதுன்னு நான் பார்த்தாத்தான் சொல்ல முடியும். வீட்டுல நல்லா நடுங்கும்போது ஒரு வீடியோ எடுத்துட்டு வாங்க” என்றார் டாக்டரம்மா.

அன்று சாயந்திரம் சாப்பிடும்போது கை நன்றாக ஆடியது. நான் போனை எடுத்து அவசரமாகப் பிடித்தேன். சமையலறையில் மங்கலான வெளிச்சம். வெளிச்சம் போதாவிட்டால் போன் யாரையும் கேட்காமல் ஷட்டரை நீட்டித் திறந்து வைத்துக்கொள்ளும். அதைக் கொண்டுபோய்க் காட்டினோம். டாக்டரம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

“கை இருக்கற இடத்துல புகைதான் இருக்கு. விரல் எத்தனைன்னே தெரியலையே. கொஞ்சம் வீடியோ எடுக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா எடுக்கச் சொல்லுங்க. சார் என்ன வேலை பண்றீங்க?”

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்தேன்.

“வீடியோ எடுக்கறேன்” என்றார்.

மறுநாள் காலையில் பின்னறை ஜன்னலின் கருப்புத் துணியைக் கழற்றினேன். அறையின் உண்மையான நிறம் எனக்கே மறந்து போயிருந்தது. மேஜையை ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, கேமராவை ஸ்டாண்டில் ஏற்றினேன். அவர் எதிரே உட்கார்ந்தார். முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர். இத்தனை காலத்தில் கேமராவுக்குப் பின்னால் நானும் முன்னால் அவரும் இருந்தது அன்றுதான்.

பழக்க தோஷம், சக்கரத்தை ஐம்பதுக்குக் கொண்டுவந்தேன்.

“ஐம்பது வேணாம்” என்றார்.

“யாரு, நீங்களா சொல்றீங்க?”

“ஐம்பதுல எடுத்தா கலங்கி, மெத்துன்னு, பார்க்க அழகா இருக்கும். டாக்டரம்மாவுக்கு அழகு வேணாம். ஐந்நூறுல வை.”

வைத்தேன். திரை இருண்டது. “லென்ஸை முழுசாத் திற” என்றார். திறந்தேன். “இன்னும் இருட்டா இருக்கா? ஐஎஸ்ஓவை ஏத்து, வெளிச்சம் கூடும். ரூம் லைட்டைப் போட்டுடாதே, கோடு ஓடும். ஜன்னல் வெளிச்சமே போதும்.” தன் கை நடுங்குவதை எடுப்பதற்கு, யாரோ ஒருவரின் கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்வது போலத்தான் ஏற்பாடு செய்தார். “நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதே. கண்ணையும் மூடாதே, போகஸ் போயிடும்.”

டம்ளரை எடுத்தார்.

கேமராவின் சின்னத் திரையில் அந்தக் கையைப் பார்த்தேன். ஸ்டாண்டின் கிளிப்பில் மாட்டிக் கிழித்துக்கொண்ட பழைய தழும்பு, நரைத்த முடி, நகத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி, எல்லாம் பளிச்சென்று இருந்தன. கட்டை விரல் ஒரு பக்கம் போனது, மற்ற விரல்கள் வேறு பக்கம் போயின. தண்ணீர் எம்பி, மணி மணியாக அந்தரத்தில் நின்று, மேஜையில் விழுந்தது. நீரூற்று மாதிரியே இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. போகஸ் போய்விடும் என்று துடைக்காமல் நின்றேன்.

“நிறுத்து” என்றார். டம்ளரை இரண்டு கையாலும் கீழே வைத்தார். “போட்டுக் காட்டு.”

போட்டேன். முதலில் தொழில்காரராகத்தான் பார்த்தார். “போகஸ் சரியா இருக்கு. கொஞ்சம் கீழ வெச்சிருக்கலாம்” என்றார். பிறகு மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் முறையும் பார்த்தார்.

“இவ்வளவா ஆடுது?” என்று என்னைக் கேட்டார். அவர் இதுவரை அதைப் பார்த்ததே இல்லை. பாக்கெட்டுக்குள் இருந்ததை அவர் மட்டும் எப்படிப் பார்த்திருப்பார்?

டாக்டரம்மா அந்த வீடியோவை ஒரே தடவை பார்த்துவிட்டுத் தலையாட்டினார். உயிருக்கு ஆபத்தான நோய் இல்லை, மாத்திரையில் குறையும், முழுதாகப் போகும் என்று சொல்ல மாட்டேன் என்றார். மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்க, கொஞ்ச நாள் கழித்து அதே மாதிரி இன்னொரு வீடியோ எடுத்து வரவும் சொன்னார். குறைந்தது என்னவோ உண்மை. டீ பாதிக்குப் பதில் கால்வாசிதான் சட்டைக்குப் போயிற்று.

கேமராவை நான் பிடிப்பது, அவர் பக்கத்தில் நின்று சொல்வது என்று முடிவாயிற்று. பார்க்கிறவர்களிடம், “தோள்பட்டை வலி, அதான்” என்று சொல்லிக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை இன்னும் ஓயவில்லை. பிளாஷிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பிப் போவார். போய் டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவார். “சொன்னீங்களா?” என்று கேட்டால், “அவன் வேற ஏதோ பேசிட்டிருந்தான்” என்பார். நான் சொல்லிவிடவா என்று கேட்டால் முகம் சுருங்கிவிடும். இப்படியே நாலைந்து டீ போயிற்று.

நான் பட்டைகளை எடுத்துக் கொடுத்த கல்யாண வீடியோ தலைமையாசிரியைக்குப் பிடித்துப்போனது. பள்ளி ஆண்டு விழாவுக்கு எங்களையே கூப்பிட்டார். என் வீட்டுக்காரர், கேட்காமல் கொள்ளாமல் பிளாஷையும் கூட்டிக்கொண்டு வந்தார். கூட்டிக்கொண்டு வந்துவிட்டால் பாதிப் பாவம் தீர்ந்துவிடும் என்ற கணக்கோ என்னவோ. பிளாஷ் கேமராப் பையைத் திறக்காமலே, அழையாத விருந்தாளியாகச் சுவரோரம் நின்றார்.

மேடையில் விளக்கு போட்டார்கள். பிள்ளைகள் திரைக்குப் பின்னால் வரிசையில் நிற்பது தெரிந்தது. நான் கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தேன். திரை முழுக்கக் கறுப்புப் பட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன.

முதல் நாள்தான் டாக்டரம்மாவுக்காக இரண்டாம் முறை அந்தக் கையை எடுத்திருந்தேன். சக்கரம் ஐந்நூறிலேயே நின்றிருந்தது. ஊருக்கெல்லாம் ஐம்பது என்று சொல்கிறவரின் பெண்டாட்டி நான், இறக்க மறந்துவிட்டேன். பதற்றத்தில் எந்தச் சக்கரம் என்பதே எனக்கு ஒரு நொடி மறந்து போயிற்று.

பின்னால் நின்ற தலைமையாசிரியை கண்ணாடிக்கு மேலே எட்டிப் பார்த்தார். “திரும்பவும் அதே கோடா?” அவர் பார்வை நேராகச் சுவரோரம் போயிற்று. “இவரை வர வேணாம்னு சொல்லியிருந்தேனே. இன்னைக்கும் இவர்தான் கேமராவைத் தொட்டாரா?”

பிளாஷ் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “ஆமாங்க மேடம், நான்தான் கொஞ்சம்...” என்று ஆரம்பித்தார்.

“அவன் இல்ல” என்றார் என் வீட்டுக்காரர்.

பாக்கெட்டிலிருந்து வலது கை வெளியே வந்தது. முன்வரிசையில் ஆசிரியர்கள், பெற்றோர், எங்களை வேலைக்குக் கூப்பிடுகிற பாதிப் பேர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் முன்னால் அந்தக் கை ஆடிக்கொண்டே சக்கரத்தை நோக்கி வந்தது. நான் திருப்பியிருக்கலாம். அவர் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். கேமராவை மட்டும் ஆடாமல் பிடித்துக்கொண்டேன். விரல் ஒரு தடவை நழுவியது. மறுபடி பிடித்தது. இருநூறு, நூறு, அறுபது என்று இறங்கி, நாற்பதுக்குத் தாண்டிப்போய், அறுபதுக்குத் திரும்பி வந்தது.

“அன்னைக்கும் அவன் இல்லைங்க மேடம்” என்றார் அவர், சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “உங்க பொண்ணு கல்யாணத்துல ஏத்தி வெச்சது நான். கை நடுங்கறது தெரியக் கூடாதுன்னு ஏத்தி வெச்சேன். பழியைத் தூக்கி அவன் மேல போட்டேன். அவன் வாங்கிக்கிட்டான்.”

தலைமையாசிரியை அந்தக் கையைப் பார்த்தார். பிளாஷின் கண்கள் பளிச்சென்றன. அணைய நேரம் பிடித்தது. அப்புறம் அவர் குனிந்து தன் கேமராப் பையைத் திறந்தார்.

விரல் சக்கரத்தை இன்னும் ஒரு படி இறக்கியது. “ஐம்பது” என்றார் என் வீட்டுக்காரர்.

பட்டைகள் போய்விட்டன. திரை விலகி, பிள்ளைகள் மேடைக்கு ஓடி வந்தார்கள். பட்டனை அழுத்தினேன். அவர்கள் வீசிய கைகள் லேசாகக் கலங்கி, கண்ணால் பார்ப்பது போலவே இருந்தன. என் வலது பக்கம் ஒரு கை ஆடிக்கொண்டே இருந்தது. விழா முடியும் வரை அவர் அதைத் திரும்பப் பாக்கெட்டுக்குள் வைக்கவில்லை.